பதினொரு வளைவுக்கு ஒரு செட்

டீ வேண்டாமுங்க தம்பி. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு குடிச்சேன், வாயெல்லாம் சீனி. மொதல்ல இந்தப் பொட்டியை எங்க வெக்கறதுன்னு சொல்லுங்க. கண்ணாடி மேல வெச்சா ஒடைஞ்சுராதே? சரி.

இது உங்க கடையில வாங்குன வயர்லெஸ் செட்டுதானுங்க. ரெண்டு வருசம் முடியப் போகுது. அப்ப நீங்க இல்லை. கண்ணாடி போட்டுட்டு ஒருத்தர் இருந்தார், சண்முகசுந்தரம்னு, மெல்லமாப் பேசுவார். துபாய் போயிட்டாரா? போகட்டும், நல்லா இருக்கட்டும். எனக்கு ரெண்டு சோலி இருக்குது. ஒண்ணு, இந்த செட்டுக்குள்ள ஒரு ரெக்கார்டு கெடக்குது, அதை எடுத்துக் குடுக்கோணும். இன்னொண்ணு, எனக்குப் புது செட்டு வேணும். இதைவிட நல்லதா, அந்தப் பக்கம் இருக்கறவன் பேசறது தெளிவாக் கேக்கற மாதிரி. இந்த செட்டு என்னைக் கவுத்திருச்சுங்க தம்பி. ஒரு மனுசன் கால் போயிருச்சு.

ஆமாங்க. போன ஆடி மாசம்.

ஒயரை மாட்டியாச்சா? தேதி வேணுமா? ஆடி பதினெட்டுக்கு மொத நாள். மத்தியானம் மூணு மணி, மூணேகாலு, அந்த நேரம். நீங்க பாட்டுக்குத் தேடுங்க. நான் விசயத்தைச் சொல்லீர்றேன். விசயம் தெரிஞ்சாத்தானே எந்த செட்டு ஒத்து வரும்னு நீங்க சொல்ல முடியும்.

என்ற பேரு தெய்வசிகாமணி. மஞ்சூருக்கு அக்கட்ட கரும்பாறை. நான் இலை ஏஜென்ட்டுங்க. டீ இலை. சின்னச் சின்னத் தோட்டக்காரங்க பறிச்சு வெக்கற பச்சை இலையை எல்லாம் நாங்க வண்டியில சேத்திக் கொண்டுபோய் பேக்டரில எறக்குவோம். நாலு பிக்கப் வண்டி. இலைங்கறது பால் மாதிரி தம்பி. சாக்குல அடைச்சு வெச்சா உள்ளுக்குள்ளயே சூடாயிரும், செவந்து போயிரும். செவந்த இலையை பேக்டரிக்காரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். அதனால எங்களுக்கு எல்லாமே நேரந்தான். நான் அவசரக்காரன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. இந்தத் தொழில் பண்றவன் ஆமை மாதிரி இருந்தா ஆகுங்களா?

தோட்டமெல்லாம் மேல. பேக்டரி கீழ. நடுவுல அஞ்சு கிலோமீட்டர் ரோடு, பதினொரு வளைவு. ஒரு வண்டிதான் போக முடியும். எதுக்க ஒண்ணு வந்தா எவனாவது ஒருத்தன் ஒதுக்கு இருக்கற எடம் வரைக்கும் பின்னாலயே போகோணும். ஒரு பக்கம் மண்ணுத் திட்டு, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை. செல்போனா? அங்க செல்போனைக் கையில வெச்சுட்டு மணி பாத்துக்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துல இருந்து வண்டிக்காரங்க ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலயும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அமத்திப் போடறது. மூணு ஹாரன் அடிக்கறது. அப்புறம் கண்ணாடியை எறக்கிட்டு பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்றது. எதுத்தாப்பல எவனாவது இருந்தா அவனும் மூணு அடிப்பான். சத்தம் இல்லையா, எஞ்சினை எடுத்துட்டுப் போறது. காது குடுக்கறதுன்னு சொல்லுவாங்க அதுக்கு. 'அஞ்சாவது வளைவுல காது குடுத்துட்டு நின்னேன், யானை போச்சு'ம்பாங்க. அப்படி ஒரு பேச்சு எங்க பக்கம்.

கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வளைவுக்கு ரெண்டு நிமிசம்னா பதினொரு வளைவுக்கு இருபத்திரண்டு நிமிசம். போக ஒண்ணு, வர ஒண்ணு. பொழுதோட ஒரு டிரிப்பு முழுசா போயிருது. இலை அதுக்குள்ள வெந்துரும்.

அதுக்குத்தான் இங்க வந்தேன். சண்முகசுந்தரம் மொதல்ல கையில வெச்சுக்கற வாக்கிடாக்கியை எடுத்து வெச்சார். வேண்டவே வேண்டாம்னுட்டேன். கையில குடுத்தா டீக்கடையில மறந்து வெச்சுட்டு வருவானுக, சார்ஜ் இல்லீங்கய்யாம்பானுக. வண்டிக்குள்ளயே ஸ்குரு போட்டு முறுக்கற மாதிரி குடுங்க, எவனும் தப்பிக்கக் கூடாதுன்னேன். சிரிச்சார். நாலு வண்டிக்கு நாலு செட்டு, என்ற ஆபீசுல ஒரு பேஸ் செட்டு. என்ற ஆபீசு எதிர்மலை மேல கடைவீதியில. மஞ்சு மூடாத நாள்ல வாசல்ல நின்னா அந்தப் பதினொரு வளைவும் கோடு போட்ட மாதிரி தெரியும்.

செட்டு எடுக்கறதுல நான் ஏமாறலைங்க தம்பி. ஒவ்வொண்ணும் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். பேசறதெல்லாம் பதிவாகற மாதிரி வேணும்னேன். எதுக்குன்னா, 'நான் அப்பவே சொன்னேனுங்களே'ன்னு பின்னால எவனும் புளுகக் கூடாது பாருங்க. அப்புறம் சத்தம். வண்டிக்காரன் சத்தத்தைக் கொறைச்சு வெச்சுட்டுப் பாட்டுக் கேப்பான். அதனால ஒரு அளவுக்குக் கீழ கொறைக்க முடியாத மாதிரி வெச்சுக் குடுங்கன்னேன். அதுவும் பண்ணிக் குடுத்தார். கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுனார், முடிஞ்சுது.

அப்புறம் ஒண்ணு சொன்னார். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியுமாமா. ஒருத்தர் பட்டனை அழுத்திட்டிருந்தா மத்தவங்க பேச வந்தா கூவ்னு ஒரு சத்தம் வரும், பேச விடாது. அழுத்தறவங்களுக்கும் ஒண்ணும் கேக்காது. அதனால யாரு பேசுனாலும் ஒரு நிமிசத்துல தானா கட்டாகற மாதிரி இருக்குமுங்க, அப்பத்தான் மத்தவங்களுக்கு வழி கெடைக்கும்னார். நான் கேட்டேன், ஏனுங்க, மொதலாளி நானு. ஒரு நிமிசத்துல என்னத்தைப் பேசறது? வண்டிக்காரனுக்கு அப்படியே இருக்கட்டும், பேஸ் செட்டுக்கு மட்டும் எடுத்து உட்ருங்கன்னேன். 'எடுக்கலாம் சார், ஆனா...'ன்னு இழுத்தார். இந்த ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம், எடுங்கன்னேன். எடுத்துட்டார்.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? எடுக்கக் கூடாதா? எடுக்கற வசதி இருக்கறதாலதானே எடுத்தோம். வசதி வெச்சதே நீங்க.

நீங்க தேடுங்க. தேதி வரிசையா இருக்குமே? ஆபீசுல உக்காந்து பேசுனது அத்தனையும் இருக்கும். நெறைய இருக்குதா? இருக்கும், இருக்கும். அதுல எல்லாம் நாந்தான் இருப்பேன்.

செட்டு வந்த புதுசுல எனக்குத் தம்பி, சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, ஒரே சந்தோசம். மைக்கை எடுத்து பட்டனை அழுத்தி 'பேஸ் பேசறேன்'னா நாலு மலையில நாலு வண்டியில என்ற சத்தம் கேக்கும். காத்தால ஆறு மணிக்கு யாரு யாரு எந்தத் தோட்டம்னு சொல்லுவேன். தார்ப்பாய் கட்டுனயாம்பேன். மழை வருதும்பேன். பேக்டரில மேனேஜர் என்ன சொன்னான்னு சொல்லுவேன். அப்படியே நாலு புத்திமதியும் சொல்லுவேன், எல்லாம் அவனுக நல்லதுக்குத்தான். ஆரோக்கியம்னு ஒரு டிரைவர், வாய் நீளம். 'மொதலாளி நிலையம் ஆரம்பிச்சிருச்சு, நேயர்களே'ன்னு சொல்லுவானாமா. காதுல விழுந்துச்சு. நானும் சிரிச்சுட்டு உட்டுட்டேன். நான் அந்த மாதிரி எல்லாம் மனசுல வெச்சுக்கற ஆள் இல்லை.

செட்டு வந்ததும் மொத உத்தரவு என்ன போட்டேன்? இனிமே வளைவுக்கு வளைவு நிக்க வேண்டாம். மேல கேட்டுலயோ கீழ கேட்டுலயோ ரோட்டுக்குள்ள எறங்கறதுக்கு முன்னால 'உள்ள வர்றேன்'னு சொல்லோணும். உள்ள இருக்கறவன் 'நான் இருக்கறேன், நில்லு'ம்பான். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா நேரா வா. எவ்வளவு சுளுவு பாருங்க. மூணு பேரு சரீன்னுட்டானுக. ஒரு ஆளு மட்டும் கேக்கலை.

பொன்னுராசு. என்ற தங்கச்சி வூட்டுக்காரர். தங்கமணியைக் கட்டுனவர். பதினாறு வருசமா எங்கிட்டத்தான் வண்டி ஓட்டறார். மாப்ளைன்னுதான் கூப்பிடுவேன். வாங்க போங்கன்னுதான் பேசுவேன், ஒருநாள் ஒருபொழுது மரியாதை தப்புனதில்லை. அதிகம் பேச மாட்டார். நான் பத்து பேசுனா அவர் 'சரிங்க'ம்பார். ஆனா சரீங்கறதோட சரி, அவர் நெனைச்சதைத்தான் பண்ணுவார். செட்டு வந்து வருசம் ஒண்ணாகியும் வளைவுக்கு வளைவு நிறுத்தி, எஞ்சினை அமத்தி, மூணு ஹாரன். நான் எதிர்மலையில நின்னு பாத்துட்டிருப்பேன். வண்டி நிக்கும். நான் இங்க மணி பாத்துட்டே நிப்பேன். இத்தனை செலவு பண்ணி செட்டு மாட்டி, சின்னப் பசங்களெல்லாம் கேக்கறானுக, வூட்டு மாப்ளை கேக்கலைன்னா மத்தவன் என்ன நெனைப்பான்? நீங்களே சொல்லுங்க.

கேட்டேன் ஒருநா. மாப்ள, எதுக்கு நிக்கறீங்கன்னேன். 'செட்டுல சொன்னது கேக்கும். சொல்லாதது கேக்காதுங்களே'ன்னார். அவர் வாழ்க்கையில அவ்வளவு நீளமாப் பேசுனது அன்னைக்குத்தான். எனக்கு அது எகத்தாளமாப் பட்டுச்சு.

சரி, அன்னைக்கு என்ன ஆச்சு? நல்ல மழை. மஞ்சு எறங்கி எதுத்தாப்பல ரோடே தெரியலை. பேக்டரியில இருந்து ரெண்டு தடவை போன், இலை எங்கன்னு. எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்குது. பொன்னுராசு லோடோட மேல கேட்டுக்கு வந்துட்டு செட்டுல சொன்னார், உள்ள எறங்கறேன்னு. நானும் சரீன்னேன். அப்படியே அவருக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னேன். ஜாக்கிரதையா வாங்க, நேரமாச்சு, அந்த மாதிரி. அவ்வளவுதான். ஒரு நிமிசம் பேசியிருப்பேன். ரெண்டு நிமிசம்னே வெச்சுக்கங்க.

அந்நேரத்துக்கு ஆரோக்கியம் பேக்டரியில எறக்கிட்டு காலி வண்டியோட கீழ கேட்டுக்கு வந்திருக்கறான். பொன்னுராசு 'எறங்கறேன்'னு சொன்னப்ப இவன் எடை போடற எடத்துல நின்னுட்டிருந்தானாமா, காதுல விழலை. சரி, விழலை. வண்டில ஏறுனவன் 'உள்ள வர்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லையா? சொல்லலை தம்பி! சொல்லாம உள்ள பூந்துட்டான். ஆறாவது வளைவுல நேருக்கு நேரா. இவன் மண்ணுத் திட்டுல கொண்டுபோய் முட்டிட்டான், நெத்தியில சின்னக் காயம். மாப்ளை வண்டி லோடோட அந்தப் பக்கம் பள்ளத்துல. இருவது அடியில ஒரு சவுக்கு மரம் தாங்குச்சு. இல்லைன்னா ஆளே இல்லை. வண்டிக்குள்ள எடது காலு மாட்டி, வெட்டித்தான் எடுத்தாங்க. முட்டிக்கு மேல.

நான் ஓடுனேன் தம்பி. அந்த மழையில ஜீப்புல போயி, நாந்தான் கவுத்தைக் கட்டி எறங்குனேன், ஐம்பத்தெட்டு வயசுல. நாந்தான் மடியில போட்டு இங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். அவர் என்ற மூஞ்சியவே பாத்துட்டு வந்தார். இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசலை. ஆஸ்பத்திரிக்கு நூறு தடவை போயிருப்பேன். நான் உள்ள போனா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவார். வலின்னு நெனைச்சேன். இப்ப வலியெல்லாம் இல்லை, இன்னும் திரும்பித்தான் படுக்கறார்.

ஆரோக்கியம் என்ன சொல்றான் தெரியுங்களா? நான் கூப்புட்டேன், கூவ்னு சத்தம் வந்துச்சு, மறுபடி கூப்புட்டேன், மறுபடி கூவ்னுச்சு, மூணு நிமிசம் நின்னேன், நின்னா அதுக்கும் மொதலாளி வைவார்னு கெளம்புனேன், ஆறாவது வளைவுல மூணு ஹாரனும் அடிச்சேங்கறான். பச்சைப் புளுகு. கூப்புட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? மைக்கு பக்கத்துலயே உக்காந்துட்டிருக்கறேன்! அதான் சொல்றேன், ஒண்ணு அவன் புளுகறான், இல்லை உங்க செட்டு கோளாறு. ரெண்டுல ஒண்ணு. அவன் இப்ப வேற ஏஜென்ட்டுக்கு ஓட்டறான். மூஞ்சியைத் தூக்கிட்டுப் போறான், என்னமோ நான் அவனுக்குத் தப்புப் பண்ணுன மாதிரி.

அது போனாப் போகுது. தங்கமணிதான் தம்பி.

எங்கப்பா சாகறப்ப அவளுக்கு வயசு ஒம்போது. நாந்தான் தூக்கி வளத்தேன், நாந்தான் கட்டிக் குடுத்தேன். என்ற பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுனதில்லை. போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுட்டு என்னைக் கேக்கறா. 'அண்ணா, ஆரோக்கியண்ணன் அடிச்ச ஹாரன் இவருக்குக் கேக்கலையாமா. வண்டிக்குள்ள உங்க சத்தந்தான் இருந்துச்சாமா. நெசமா'ன்னா. யாரு சொன்னதுன்னேன். 'அவர்தான் சொன்னார், ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சுச் சொல்றார்'னா. எனக்கு ஆத்தரம் தாங்கலை. சத்தத்தைக் கொறைச்சு வெக்க வேண்டியதுதானேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்புறம்... அதைக் கொறைக்க முடியாதில்லீங்களா. அதனால சொல்லலை.

அவ சொல்றா, 'அதெல்லாம் பதிவாகும்னு நீங்கதானே பெருமையாச் சொல்லுவீங்க. அன்னைக்குப் பேசுனதைக் கொண்டாங்க. நான் என்ற காதுல கேக்கோணும். கேட்டுட்டுத்தான் எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருக்காரா இல்லையான்னு நான் முடிவு பண்ணுவேன்.' அந்த வார்த்தையைச் சொன்னா தம்பி. என்ற மடியில படுத்துத் தூங்குன புள்ளை. சொல்லிட்டு உள்ள போயிட்டா.

சரி கேளு, நல்லாக் கேளுன்னுட்டேன். எனக்கென்ன பயம்? ஆரோக்கியம் கூப்புடவே இல்லைங்கறது அதுலயே தெரிஞ்சு போயிரும். இன்னைக்கு மாப்ளைக்குப் புதுக் காலுக்கு அளவு எடுக்கறாங்க, இங்கதான், அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில. ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. அப்படியே பென்டிரைவைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, புது செட்டும் வாங்கிட்டேன் மாப்ள, இனி நீங்க வண்டியே ஓட்ட வேண்டாம், ஆபீசுல உக்காந்து நீங்களே மைக்கைப் பாத்துக்கங்கன்னு சொல்லலாம்னு வந்தேன்.

நானா? நான் கேக்கலை. நான் எதுக்குக் கேக்கோணும்? பேசுனவனே நானு. கேக்கறதுக்கு என்ன இருக்குது.

கெடைச்சிருச்சுங்களா? மூணு பத்தா? அதேதான். போடுங்க, தெளிவா இருக்குதான்னு பாத்துக்கலாம். சத்தமா வையுங்க.

ஆ, இது மாப்ளைதான். 'பேஸ், பொன்னுராசு. மேல கேட்டு. லோடோட உள்ள எறங்கறேன்.' பாத்தீங்களா, எவ்வளவு தன்மையாச் சொல்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டார்.

இது நானு.

'ஏய் பொன்னுராசு' ன்னா கூப்பிடறேன்? மைக்குல அப்படித்தான் வந்துரும் தம்பி, வேலை நேரம் பாருங்க. 'மணி என்னாச்சு தெரியுமா உனக்கு? பேக்டரிக்காரன் என்ற தாலியை அறுக்கறான்.' ஆமாங்க, அன்னைக்கு ரெண்டு போன் வந்துச்சே, அதைத்தான் சொல்றேன்.

இன்னும் நாந்தான்.

இந்த எடத்துல என்னமோ பழைய கதையெல்லாம் பேசறேன். போன வாரம் சாக்கு நனைஞ்சது. அது தேவையில்லை. கொஞ்சம் தள்ளி உடுங்களேன். தள்ள வேண்டாமா? சரி, ஓடட்டும்.

இன்னும் போகுதுங்களா? எத்தனை ஆச்சு? நாலு நிமிசமா? ஒரே அழுத்தலா? நடுவுல உடவே இல்லையா நான்?

இருங்க, இருங்க. இப்ப என்ன சொன்னேன்? மறுபடி போடுங்க.

'எனக்குத் தெரியும், இப்பவும் நீ வளைவுக்கு வளைவு நிப்பே. எஞ்சினை அமத்துனேன்னு தெரிஞ்சுது, நாளைக்கு வண்டிச் சாவி உன்ற கையில இருக்காது. மாப்ளைன்னு பாக்க மாட்டேன். நிக்காதேங்கறேன். நிக்காம வா. என்ற சத்தத்தைக் கேட்டுட்டே வா. நிக்கறயா? நிக்காதே. வா.'

மஞ்சுங்க தம்பி. வண்டி தெரியலை எனக்கு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். நிக்கறாரா வர்றாரான்னு தெரியாமத்தான் சொல்லிட்டே இருந்தேன்.

வந்திருக்கறார். பதினாறு வருசத்துல ஒரே ஒரு நா என்ற பேச்சைக் கேட்டு நிக்காம வந்திருக்கறார்.

இன்னும் பேசறேனே. ஒம்போது நிமிசமா? அட கெரகமே. வாயை மூட்றா. மூட்றா டேய்.

நின்னுருச்சு. இது யாரு, ஆரோக்கியமா? மூச்சு வாங்குது அவனுக்கு. 'அய்யா, பேசி முடிச்சிட்டீங்களா? எத்தனை நேரமாக் கூப்பிடறேன்...'

இதுக்கு நான் என்ன சொல்றேன்? சத்தமா வையுங்க.

'நான் பேசறப்ப உனக்கு என்னடா அவசரம்.'

அப்படியா சொன்னேன்? அவன் 'பொன்னுராசண்ணன் வண்டி பள்ளத்துல போயிருச்சுங்கய்யா'ங்கறான். அது எனக்கு ஞாபகம் இருக்குது. அதுக்கு முன்னால நான் இதைச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை தம்பி. சத்தியமா ஞாபகமே இல்லை.

தண்ணி இருக்குதுங்களா.

செட்டு கோளாறு இல்லை, அதானே? நல்லாத்தான் இருக்குது செட்டு. ரொம்ப நல்லா இருக்குது. ஒவ்வொரு எழுத்தும் கேக்குது.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு எடத்துல இருந்து ஒரு எடம் வரைக்கும் வெட்டி எடுக்க முடியுமாமே. மாப்ளை 'எறங்கறேன்'னு சொன்னதும் இருக்கட்டும். கடைசியில ஆரோக்கியம் 'போயிருச்சு'ன்னதும் இருக்கட்டும். நடுவுல இருக்கறது... முடியுங்களா? முடியும்ங்கறீங்க. ரெண்டு நிமிச வேலையா. அவளுக்குத் தெரியவா போகுது. செட்டு எடுக்கலைன்னு சொல்லிக்கலாம். மழை, இடின்னு சொல்லிக்கலாம். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கறேன். எனக்கு ஒரே தங்கச்சி தம்பி. அவளும் இல்லைன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் நான் யாருகிட்டப் பேசறது?

கொஞ்சம் இருங்க. போனு.

அவதான்.

அலோ. ஆமா, கடையிலதான். அளவெடுத்தாச்சா? மாப்ளை நின்னாரா? கம்பியைப் பிடிச்சுட்டு நின்னாரா! எத்தனை நேரம்? சரி, சரி. ஆங்? ஆமா, கெடைச்சிருச்சு.

இல்லை, ஒண்ணும் இல்லை. நான் நல்லாத்தான் இருக்கறேன். இல்லம்மா. இரு.

தங்கமணி, மாப்ளை பக்கத்துல இருக்கறாரா? அவருக்கும் கேக்கற மாதிரி வையி. ரெண்டு பேரும் கேளுங்க. பத்து நிமிசம் வரும். நடுவுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முடிஞ்சதுக்கப்புறமும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ சொல்றதை நான் கேட்டுக்கறேன்.

தம்பி, இந்த போனை அந்த ஸ்பீக்கர் கிட்டப் பிடிங்க. வெட்ட வேண்டாம். மொதல்ல இருந்து போடுங்க.